நீ எழுந்து நின்ற ஞாயிறு

பிரியமுள்ள மகனே,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் என்றால் நான் பாதியில் அழுதுவிடுவேன். நீயும் உடனே "சரிம்மா, சாப்பிட்டியா, பிரஷர் மாத்திரை போட்டியா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்றுதான் கடிதம். தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து, அடுத்தவர் சொன்னதையெல்லாம் டைப் அடித்துக் கொடுத்தவள் நான். எத்தனையோ பேருடைய வாக்குமூலத்தை ஒரு பிழையில்லாமல் அடித்திருக்கிறேன். என்னுடையதை மட்டும் பதினாறு வருஷமாகத் தள்ளிப்போட்டுவிட்டேன். இப்போது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன மாதம் மாட்டுத்தாவணியில் உன்னை ஓசூர் பஸ் ஏற்றிவிட வந்தபோது, பேத்தியின் ஞானஸ்நானத்துக்குச் சபை ஐயரிடம் டிசம்பரில் நாள் வாங்கிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாய். பிறகு சொன்னாய்: "நான் வாரேம்மா. ஆனா முன்னாடி வந்து நிக்க மாட்டேன். பாப்பாவ நீயே தூக்கிக் குடு. விசுவாசிக்கிறீங்களான்னு ஐயர் கேப்பாரு. அவ பொறந்ததும் ஆஸ்பத்திரில கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்த இருபத்திரண்டு நாளும் எனக்கு ஒத்த ஜெபம் வாயில வரல. இப்பப் போயி அம்புட்டுப் பேரு முன்னாடி ஆமான்னு பொய் சொல்லச் சொல்றியா? நம்ம வீட்ல சொன்ன ஒரு பொய் போதும்மா." அதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார், பஸ்ஸும் நகர்ந்துவிட்டது. கையாட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை. திரும்பும் வழியில் பூ மார்க்கெட்டில் இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன், அதை வைத்துக்கொள்ளாமலே வாட விட்டேன்.

உனக்கு என் மேல் கோபம் என்று நினைத்து எழுதவில்லை. நீ சொன்னது சரி என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அந்த ஒரு பொய் யார் சொன்னது, எப்படிச் சொன்னது என்று நீ என் வாயால் ஒருநாளும் கேட்டதில்லை. அப்போது உனக்குப் பதினைந்து வயது. பாதி உனக்குத் தெரியும், மீதியை இன்றைக்குத் தெரிந்துகொள்.

உன் அப்பா அப்போது கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். சோர்வு, வாந்தி, முகமெல்லாம் உப்பல் என்று ஆரம்பித்தது. சூட்டில் நின்று வேலை பார்ப்பதால் வருகிறது என்று மோர் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சோதித்துப் பார்த்தால் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி வருகிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அந்த வாரத்தில்தான் நம் சபையில் மூன்று நாள் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் உன் அப்பாவின் தலையில் கைவைத்து ஜெபித்தார். அடுத்த முறை ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கழிவின் அளவு நன்றாகக் குறைந்திருந்தது. "நல்ல முன்னேற்றம். மாத்திரைய விடாம சாப்பிடுங்க, மாசம் ஒரு தடவ வந்து காட்டுங்க" என்றார் டாக்டர். இரண்டு வாக்கியத்தில் முதல் வாக்கியம் மட்டும்தான் என் காதில் ஏறியது. பாவம் அந்தப் பிரசங்கியார், அவரும் மாத்திரையை நிறுத்து என்று சொல்லவே இல்லை. இந்தக் காரியத்தில் வேறு யார் மேலும் பழி போட எனக்கு வழியில்லை.

அந்த ஞாயிறு ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மையைச் சபை முன்னால் சொல்கிற சாட்சி நேரம் வந்தது. கோயிலுக்குக் கிளம்பும்போதே உன் அப்பா சொன்னார், "ஏம்மா, இன்னொரு டெஸ்ட் எடுத்துட்டு அப்பறம் சாட்சி சொல்லுவோமே" என்று. "அவிசுவாசமாப் பேசாதீங்க" என்று அவர் வாயை அடைத்தேன். நீலப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போய் மைக்கைப் பிடித்தேன். "என் வீட்டுக்காரருக்குக் கர்த்தர் பூரண சுகம் கொடுத்துவிட்டார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெண்கள் பக்கத்திலிருந்து "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சத்தம் எழும்பியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய், யோசிக்காத ஒரு வாக்கியம் வாயிலிருந்து வந்தது: "இனி அவருக்கு மாத்திரையும் இல்லை, டாக்டரும் இல்லை." சபை முழுவதும் கை தட்டியது. அன்றைக்கு வாசலில் எத்தனை பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள் தெரியுமா? நான் ஒரு பெரிய விசுவாசி என்று எனக்கே தோன்றிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டைகளை எடுத்து, பரணில் கிறிஸ்மஸ் ஸ்டார் வைக்கிற அட்டைப்பெட்டிக்குள் போட்டேன். குப்பையில் போட மனம் வரவில்லை. அந்த மட்டுக்கு எனக்கே உள்ளுக்குள் சந்தேகம் இருந்திருக்கிறது பார். உன் அப்பா நான் பெட்டியை மேலே வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று வருஷங்கள் கழித்துத்தான் கேட்டேன். "நீ அம்புட்டுப் பேரு முன்னாடி சொல்லிட்ட. நான் மாத்திரை முழுங்கினா உன் வார்த்தை என்னாகுறது?" என்றார். என்னைப் பொய்யாக்கக் கூடாது என்று அவர் தன் உடம்பைக் கொடுத்தார். ஆண்டவரைப் பொய்யாக்கக் கூடாது என்று நான் அவரைக் கொடுத்தேன். ஆண்டவர் எங்கள் இருவரிடமும் அப்படி எதுவும் கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் கால் வீங்கியது. ஷூ ஏறவில்லை என்று ரப்பர் செருப்பில் கோயிலுக்கு வந்தார். நான்காவது வாரம் படி ஏற மூச்சு வாங்கியது. சபையில் எல்லாரும் பார்த்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? நான்தான் மைக்கில் சொல்லியாயிற்றே. பக்கத்து வீட்டு சௌராஷ்டிரா அக்கா மட்டும் கேட்டார், "அண்ணனுக்கு மொகம் வேற மாதிரி இருக்கே, டாக்டர்ட்ட காட்டலையா?" என்று. "வெயில்ல அலைஞ்சது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். கார்த்திகை மாத அடைமழையில் என்ன வெயில்? ராத்திரியும் பகலும் ஜெபம் செய்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்த ஜெபத்தில் பாதிக்கு மேல் அவருடைய கால் வற்ற வேண்டும் என்று இல்லை, என் சாட்சி நிலைக்க வேண்டும் என்றுதான் இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் தொடங்கப்போகிறது என்று நீ ஸ்டார் கட்டுவதற்காகப் பரணில் ஏறினாய். பெட்டியைத் திறந்தாய். அப்போது நான் அடுப்படியில் இருந்தேன். நீ ஒரு கையில் ஸ்டாரும் ஒரு கையில் மாத்திரை அட்டையுமாக வாசலில் வந்து நின்றாய். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ சின்னப் பிள்ளை, மறந்துவிடுவாய் என்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிறு. ஜெப விண்ணப்பம் இருப்பவர்கள் சொல்லலாம் என்று ஐயர் சொன்னார். வழக்கம்போல் ஒரு பரீட்சை, ஒரு கல்யாணம், ஒரு வெளிநாட்டு விசா என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் பக்கத்தில் நீ எழுந்து நின்றாய். மீசை முளைக்காத முகம், பள்ளிக்கூடப் பேண்ட். "எங்கப்பாவுக்கு இன்னும் சொகமாகல. கால் வீங்கியிருக்கு, மூச்சு வாங்குது. ஒன்றர மாசமா மாத்திரை சாப்பிடல. எல்லாரும் ஜெபம் பண்ணுங்க. யாராச்சும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாய். உன் அப்பா முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, உன் தோளில் கைவைத்து, "அவன் சொல்றது நெசந்தான், ஐயரே" என்றார். ஐயர் அங்கியோடு இறங்கி வந்தார். "ஜெபத்த நாங்க பாத்துக்கிறோம். நீங்க மொதல்ல வண்டில ஏறுங்க" என்றார். ஆட்டோ ஓட்டுகிற செல்லையா அண்ணன் பாட்டுப் புத்தகத்தைப் பெஞ்சில் போட்டுவிட்டு வெளியே ஓடினார். நீயும் அப்பாவும் போய்விட்டீர்கள். பெண்கள் பக்கத்தில், நான் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன்.

பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள், ஆராதனை முடிந்த பிறகு நானும் போய்ச் சேர்ந்தேன். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் நுரையீரலில் நீர் கோத்து ஆள் போயிருப்பார் என்று டாக்டர் சொன்னார். மாற்றுத்துணி எடுக்க சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். நீ எனக்கு முன்னால் வந்து வாசல்படியில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்ததும் எழுந்து, "அப்பா எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்டாய். நான் உன்னை அறைந்தேன். "இம்புட்டுப் பேரு முன்னாடி என் மானத்த வாங்கிட்டியேடா" என்றேன். நீ அழவில்லை. கன்னத்தைத் தடவாமல் உள்ளே போய் அப்பாவின் வேட்டியையும் துண்டையும் மடித்துப் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாய். அந்த வருஷம் நம் வீட்டில் ஸ்டார் கட்டவில்லை. அதற்குப் பிறகு நீ கோயிலுக்குள் வந்ததும் குறைந்துபோனது. என்னை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஆராதனை முடிகிற வரைக்கும் வெளியே வேப்பமரத்தடியில் நிற்பாய். "உள்ள வாடா" என்று கூப்பிட எனக்கு வாய் வராது.

அடித்ததற்கு மன்னிப்புக் கேள் என்று உன் அப்பா எத்தனையோ முறை சொன்னார். "அவன்ட்ட ஒரு வார்த்த சொல்லிரு. பிள்ளைட்ட கேக்குறதுக்கு என்ன?" என்பார். நாளைக்கு, நாளைக்கு என்றேன். உன் பரீட்சை முடியட்டும் என்றேன். அப்புறம் நீ வேலைக்குப் போனாய், அப்புறம் அப்பா போய்விட்டார். உன் கல்யாணத்தன்று காலையில் சொல்லிவிடலாம் என்று உன் அறை வரைக்கும் வந்தேன். நீ டை கட்டத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தாய், இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், சிரிப்பில் அது போயிற்று. இப்போது சொல்கிறேன். ராசா, அன்றைக்கு உன்னை அடித்தது பெரிய தப்பு. அம்மாவை மன்னித்துவிடு.

அதைவிட முக்கியமாக இன்னொன்று சொல்ல வேண்டும். உனக்கு நன்றி. நீ எழுந்து நின்றதால் உன் அப்பா அதற்குப் பிறகு ஏழு வருஷம் நம்மோடு இருந்தார். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ்தான், ஒரு சொட்டுத் தண்ணீருக்கும் அளவுதான், ஆனாலும் இருந்தார். கம்பெனியில் அவருடைய சூப்பர்வைசர் மெஷினிலிருந்து எடுத்து ஸ்டோரில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். எனக்கு லீவு கிடைக்காத நாட்களில், நான் பொய்ச் சாட்சி சொன்ன அதே சபைப் பெண்கள் முறை வைத்து அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒருத்தியாவது அந்தப் பேச்சை எடுக்கவில்லை. செல்லையா அண்ணன் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. நான் கதவைச் சாத்தின அந்த சௌராஷ்டிரா அக்கா, அப்பாவுக்காக உப்புப் போடாமல் தனியாகப் பொரியல் எடுத்து வைத்து, "எங்க பெருமாள்ட்டயும் சொல்லிருக்கேன்" என்று கொடுத்துவிட்டுப் போவார். நீ இன்ஜினியரிங் முடித்ததை உன் அப்பா பார்த்தார். வீங்கின காலுக்குத் தோதாக நீ முதல் சம்பளத்தில் பெரிய அளவில் செருப்பு வாங்கி வந்தாய். அதைத் தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் காட்டினார். அந்த ஏழு வருஷத்தில் ஒவ்வொரு நாளும் எனக்குக் கிடைத்த ஈவு. உன் வழியாகத்தான் அது வந்தது.

அந்தச் சமயத்தில் என் விசுவாசம் எப்படி இருந்தது என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கோயிலில் உதடு அசையும், உள்ளே வெறும் கோபம். உம்மை நம்பித்தானே மைக்கைப் பிடித்தேன், ஏன் கைவிட்டீர் என்று. உன் அப்பாவோ உப்பில்லாத ரசத்தை முன்னால் வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, இத யாரு சமைச்சதுன்னு உமக்கே தெரியும், ஆனாலும் ஸ்தோத்திரம்" என்று ஜெபிக்கிற ஆள். ஒருநாள் டயாலிசிஸ் படுக்கையில் அவர் கை ஊசியோடு கிடக்கும்போது கேட்டேன், "உங்களுக்குக் கோபமே வரலையா?" என்று. "ஏன் வராம? நல்லா வருது. அவருட்டயேதான் சொல்லிக்கிட்டுக் கெடக்கேன். வேற யாருட்டப் போயிச் சொல்ல?" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது, முதல்முறையாக உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொன்னேன். நான் பொய் சொன்னேன், பெருமைக்காகச் சொன்னேன், உம்மேல் கோபமாக இருக்கிறேன், இவரை எடுத்துக்கொள்ளாதேயும். அவ்வளவுதான். அலங்காரமாக ஒரு வார்த்தை இல்லை. அன்றிலிருந்துதான் எனக்கு மறுபடி ஜெபம் வர ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாக. உன்னிடம் கற்றுக்கொண்டதுதான் அது. உள்ளதைச் சொல்லி, உதவி கேட்டு, உட்காருவது.

பாப்பா எட்டாம் மாதத்திலேயே பிறந்து, அந்த இருபத்திரண்டு நாள் நீ ஜெபம் செய்யவில்லை என்கிறாய். மருமகள் ஷீபா எனக்கு வேறொன்று சொன்னாள். கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியே விரலை நீட்டி, பாப்பாவின் கையைத் தொட்டுக்கொண்டு, "அப்பா இங்கனதான் இருக்கேன், எங்கயும் போகல" என்று மணிக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பாயாம். அதற்கு ஜெபம் என்று நான் பெயர் வைக்கப் போவதில்லை. வைத்தால் உனக்குப் பிடிக்காது, எனக்கும் இனிமேல் பெயர் வைக்கிற அவசரம் கிடையாது. பாப்பா வீட்டுக்கு வந்த ஞாயிறு, சாட்சி சொல்கிறீர்களா என்று இப்போதிருக்கும் ஐயர் கேட்டார். வேண்டாம் என்றேன். காணிக்கைக் கவரின் மேல் "பேத்தி வீட்டுக்கு வந்தாள்" என்று மட்டும் எழுதிப் போட்டேன். அவர் வாசித்தார், நான் கண்ணை மூடிக்கொண்டேன், நெஞ்சு நிறைந்திருந்தது.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியமும் செய்துவிட்டேன், திட்டாதே. ஐயரிடம் போய், "ஒரு வீட்டுல ஒரு அப்பா இப்படிச் சொல்றாரு, என்ன செய்யலாம்?" என்று பேர் சொல்லாமல் கேட்டேன். அவர் உன்னைவிடச் சின்னப் பையன். சிரித்துக்கொண்டே, "உங்க மகன வரச் சொல்லுங்கம்மா. ஆமான்னு சொல்ல முடியாத எடத்துல பேசாம நிக்கட்டும். பக்கத்துல நிக்கிறவங்க சொல்லுவோம். அதுக்குத்தான சபைன்னு ஒண்ணு இருக்கு" என்றார். அதைக் கேட்டுவிட்டு வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், நீ நிற்கிற இடத்தில். அங்கிருந்து உள்ளே பாடுவது நன்றாகவே கேட்கிறது. இத்தனை வருஷமும் நீ கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாய்.

நீ முன்னால் வரத்தான் வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. வரவில்லை என்றால் பாப்பாவை நானே தூக்கிக் கொடுக்கிறேன். கோபமில்லை, வருத்தம் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பொய் சொல்ல வேண்டுமே என்கிற பயத்தினால் மட்டும் நின்றுவிடாதே. அந்தக் கோயிலில் நான் கேட்டதிலேயே உண்மையான வார்த்தை நீ பதினைந்து வயதில் சொன்னதுதான். பரணிலிருந்து ஸ்டார் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். வந்ததும் நீதான் கட்ட வேண்டும், எனக்கு ஏணி ஏற முடியாது.

அந்த ஞாயிறை எத்தனை தடவை நினைத்தாலும் ஒரே இடத்தில் போய்த்தான் முட்டிக்கொள்கிறேன். நீ எழுந்தாய், அப்பா எழுந்தார், ஐயர் இறங்கி வந்தார், செல்லையா அண்ணன் ஓடினார். உன்னைப் பெற்றவள் மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை. இப்போது எனக்கு மூட்டுவலி, உட்கார்ந்தால் எழுவதே பாடு. இருந்தாலும் பாப்பாவை ஏந்திக்கொண்டு நீ எழுந்தால், நீ ஆமென்று சொன்னாலும் சரி, வாய் திறக்காமல் நின்றாலும் சரி, பெண்கள் பக்கத்திலிருந்து நான் எழுந்து வந்து உன் பக்கத்தில் நிற்பேன்.

உன் வரவுக்கு ஸ்தோத்திரம் சொல்லிக் காத்திருக்கும்,
அம்மா